ஒரே வாய், ரெண்டு காற்று

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மூணாறுப் பக்கம் தை மாதக் குளிர் எப்படி இருக்கும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியக்காலையில் கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது ரெண்டு கையையும் குவித்து 'ஹா' என்று விடுவோமே, அந்தச் சூடுதான் இன்றைக்குப் பேச்சு.

உடம்புக்குள்ளே 37 டிகிரி. நுரையீரல் வரைக்கும் போன காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, வாய் வழியாக வெளியே வரும்போது ஏறக்குறைய 34 இருக்கும். வெளியே 5 டிகிரி என்றால் கதகதப்பாகத்தானே தெரியும்? கூடவே ஈரமும் வருகிறது. மூச்சிலுள்ள நீராவி சில்லிட்ட விரலில் பட்டுத் தண்ணீராகும்போது, அதிலுள்ள வெப்பமும் விரலுக்கு வந்து சேரும்.

சரி, அதே வாயைக் குவித்து 'பூ' என்று ஊதினால் ஏன் குளிர்கிறது? கஞ்சியை அப்படித்தானே ஆற்றுகிறோம். இதைப் பல வருடம் வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். உதட்டுக்குள் அமுங்கிய காற்று வெளியே வந்து விரிவதால் குளிர்கிறது என்பேன். சைக்கிள் டியூபா அது? வாய்க்குள் அழுத்தம் சொல்லும்படியாக ஏறுவதே இல்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் எழுந்து, "சார், கையை உதட்டுக்கிட்ட வச்சு ஊதுனா சூடாத்தான இருக்கு?" என்றாள். ஊதிப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது! நீங்களும் இப்போதே ஊதிப் பாருங்கள். ஒட்டிவைத்தால் சூடு, ஒரு சாண் தள்ளிவைத்தால் குளிர். வேகமாகப் போகிற மூச்சு, போகிற வழியில் சுற்றிலும் உள்ள குளிர்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெளிக்காற்றுதான். அது தோல்மேல் இருக்கிற ஈரத்தையும் காயவைக்கிறது, அதிலும் ஒரு குளிர்ச்சி.

கண்ணில் தூசி விழுந்தால் அம்மா முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயோடு அழுத்தி ஊதி, கண்ணில் ஒற்றியெடுப்பாள். கொழுந்துக் கறை வாசனையோடு இதமாகச் சுடும். அதுவும் ஊதுகிற மூச்சுதானே? ஆனால் துணிக்கும் உதட்டுக்கும் நடுவில் வெளிக்காற்று நுழைய இடமில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று. சித்திரையில் மதுரைக்குப் போய், 40 டிகிரி வெயிலில் நின்று 'ஹா' சொன்னால்... நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். அங்கே மூச்சைவிட வெளிக்காற்றுக்குத்தான் சூடு அதிகம். குளிரில் வாயிலிருந்து வருகிற 'புகை' பற்றியும் எழுதி வைத்திருந்தேன். அது புகையில்லை, பொடிப்பொடி நீர்த்துளி. வணக்கம்.