மூணாறு எந்தப் பக்கம் பார்த்த ஊர்?

வணக்கம். மூணாறு இன்றைக்குக் கேரளத்தில் இருக்கிறது, ஒரு கிராமப் பஞ்சாயத்துதான். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்றும் கூடுகிற இடம் என்பதால் அந்தப் பேர். அங்கே விழுகிற மழை மேற்கே ஓடிப் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போய்விடும். ஆனால் மனுஷர்களும் சரக்கும் ரொம்ப காலம் நேர் எதிர்த்திசையில்தான் போய்வந்தார்கள், அதாவது நம்ம போடிநாயக்கனூர் பக்கம்.

முதுவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். மதுரையை விட்டுக் கிளம்பும்போது மீனாட்சி சிலையை முதுகில் சுமந்து வந்ததால்தான் தங்களுக்கு அந்தப் பேர் என்று சொல்லுவார்கள். கதைதான், இருந்தாலும் கதையிலும் வழி கிழக்கிலிருந்துதான் ஏறுகிறது பாருங்கள். அப்புறம் 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்குகிறார். காபி, சின்கோனா என்று எதையெதையோ நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. கொழுந்து பறிக்கவும் லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருக்கவும் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து போனார்கள்.

சரி, பறித்த தேயிலையை எப்படிக் கீழே இறக்குவது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும், சாய்ந்துவிடாமல் இருக்கப் பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையில் உருளும், இழுப்பது மாடு! 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதையே போட்டுவிட்டார்கள். ரயில் மூணாற்றிலிருந்து மலை விளிம்பில் இருக்கிற டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும், அதற்கப்பால் மலை சட்டென்று சரிந்துவிடும் என்பதால் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவட ரோப்வேயில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு அனுப்புவார்கள், அதன் பேர் பாட்டம் ஸ்டேஷன், அங்கிருந்து போடி வரை மாட்டுவண்டி.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில் எல்லாம் போச்சு. மலையாள நாட்காட்டியில் அது கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். ரயில்பாதை அடித்துக்கொண்டு போனது, மேற்கே ஆலுவா போகும் பழைய சாலையும் போனது. ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. கொடுமை என்னவென்றால், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். நாலு வருஷம் முந்தி வந்திருந்தால் கீழே ஒரு ரயில், மேலே ஒரு ரயில், நடுவில் ரோப்வே என்று இருந்திருக்கும்.

ஆலுவா சாலையை வேறு வழியில் போட்டு, 1935-இல் நேரியமங்கலம் பாலமும் திறந்ததும் ஊர் மெதுவாக மேற்கே திரும்ப ஆரம்பித்தது. 1956-இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது மூணாறு இருக்கிற தேவிகுளம் தாலுகாவே கேரளத்துக்குப் போனது. அது தனிக் கதை, இன்றைக்கு வேண்டாம்.

இப்போது டாப் ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் போய் இறங்குகிறவர்கள், "ஸ்டேஷன் எங்கேங்க?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ரயில் போய் நூறு வருஷமாகிறது, பஸ் போர்டில் மட்டும் ஸ்டேஷன் இருக்கிறது.