நாற்பது பேர் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்த காலம்

அவையில் கூடியிருக்கும் இசை அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இசைத்தட்டுக் கடைகளில் ‘ஈசி லிசனிங்’, அதாவது இதமாகக் கேட்கும் இசை, என்று தனி அடுக்கே இருந்தது. அந்த அடுக்கில் இருந்த வாத்தியக்குழு இசையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெரும்பாலும் பாடகர் இருக்க மாட்டார். முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்து, ஊரெல்லாம் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து மூன்று நிமிடம் வாசிப்பார்கள், அவ்வளவுதான். உங்களில் மூத்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் ஒலிக்குமே ‘கம் செப்டம்பர்’, அது இந்த வகைதான். பாபி டேரின் அமைத்த அந்த மெட்டை 1961இல் பில்லி வான் குழு வாசித்த தட்டு நம் ஊர்த் தியேட்டர்களில் வருஷக்கணக்கில் சுழன்றது.

அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் ஏங்குகிற நேரத்தில், இதை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும். தட்டின் உறையில் குழுத்தலைவரின் பெயர் பெரிதாக இருக்கும். மெட்டைப் பிரித்து, எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த அரேஞ்சரின் பெயரை ரசிகர்கள் பலரும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இந்த இசையின் உயிர் அந்த மனிதரின் கையில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குழுத்தலைவர் மாண்டோவானியை எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் வெனிஸில் பிறந்தவர். அப்பா மிலான் லா ஸ்காலா அரங்கில் இசைக்குழு இயக்குநர் டாஸ்கனினியின் கீழ் வயலின் வாசித்தவர். குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. மாண்டோவானியும் வயலின்காரராகி, ஓட்டல்களில் வாசித்து, லண்டனில் பெயர் வாங்கினார். 1951இல் அமெரிக்கச் சந்தைக்காக வால்ட்ஸ் என்ற நடன மெட்டுகளை வைத்து ஒரு தட்டு செய்ய வேண்டும் என்று டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் பேச்சு வந்தது. வயலின் நிறைய இருக்கவேண்டும், ஆனால் இதுவரை கேட்காத மாதிரி இருக்கவேண்டும். மாண்டோவானி தன் பழைய கூட்டாளி ரொனால்ட் பிஞ்சைக் கூப்பிட்டார்.

பிஞ்ச் டார்பி நகரத்துக்காரர். சிறுவயதில் தேவாலயத்தில் பாடகர் குழுச் சிறுவன். வளர்ந்தபின் ஊமைப்படங்களுக்குத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தார். பேசும் படம் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அப்புறம் மாண்டோவானி குழுவில் அக்கார்டியன் வாசித்தார், மெட்டுகளைப் பிரித்து எழுதிக் கொடுத்தார். பெரிய தேவாலயத்தில் பாட்டு எப்படிக் கேட்கும் என்பது அவருக்குக் காதிலேயே இருந்தது. கல்மண்டபத்தில் ஓதுவார் தேவாரம் பாடும்போது ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து அதன்மேல் படியும் அல்லவா, அதே சங்கதிதான். அந்த எதிரொலியை, எதிரொலியே இல்லாத ஒரு ஸ்டூடியோவில் கொண்டுவர முடியுமா என்று அவர் யோசித்தார்.

அவர் செய்தது இதுதான். வயலின்களைப் பல பிரிவாகப் பிரித்தார். மெட்டின் முதல் சுரத்தை முதல் பிரிவு தொட்டு, அதை விடாமல் இழுத்துப் பிடிக்கும். இரண்டாம் சுரத்தை இரண்டாம் பிரிவு எடுத்து, அதுவும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது அடுத்த பிரிவுக்கு. இப்படிச் சுற்றி, மறுபடி முதல் பிரிவிடம் வரும். கேட்கிறவர் காதில் மெட்டு முழுசாக விழுகிறது, ஒவ்வொரு சுரமும் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், மெட்டை முழுசாக வாசிக்கிறவர் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை. ஒரு பிரிவை மட்டும் தனியே வாசிக்கச் சொன்னால், அங்கங்கே நீண்டு நிற்கும் சில சுரங்கள்தான் கேட்கும், பாட்டு இருக்காது. ஏதோ மின்சாரக் கருவியின் வேலை என்று நினைத்தவர்கள் உண்டு. மாண்டோவானி அமெரிக்கா முழுவதும் சுற்றுப்பயணம் போய் மேடையில் அதே ஒலியை வாசித்துக் காட்டினார். எல்லாம் பேனாவால் எழுதியது!

அந்த முறையில் எழுதிய ‘சார்மெய்ன்’ பெரிய வெற்றி. அதுகூடப் புது மெட்டு இல்லை, 1926இல் வந்த ஓர் ஊமைப்படத்துக்காக எழுதியது. கால் நூற்றாண்டுப் பழைய மெட்டைப் பிஞ்ச் புதுசாக்கிக் கொடுத்தார். பிறகு சொந்தமாக இசையமைக்கப் போய்விட்டார். அவருடைய ‘செய்லிங் பை’ என்ற சின்ன வால்ட்ஸ், பிபிசி வானொலியில் பின்னிரவில் கடல் வானிலை அறிக்கைக்கு முன்னால் ஒலித்து, பிரிட்டிஷ்காரர்கள் நெஞ்சில் ஊறிப்போனது. அவர்களில் எத்தனை பேருக்கு பிஞ்ச் என்ற பெயர் தெரியும்?

இந்த இசை அந்தக் காலத்தில் எடுபட்டதற்குக் கருவிகளும் ஒரு காரணம். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களை அவற்றின் ஒலியைக்கொண்டு பிரித்தறியப் பயிற்சித் தட்டுகள் தேவைப்பட்டன. அதற்காக மிக நுண்ணிய ஒலிகளையும் பிடிக்கும் பதிவுமுறையை டெக்கா பொறியாளர்கள் உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் அதே முறை வயலின்களுக்கு வந்தது. 1948இல் நீண்டநேரம் ஓடும் எல்பி தட்டு, 1958இல் ஸ்டீரியோ தட்டு. புதுசாக ஸ்டீரியோ செட் வாங்கியவர் அதில் எதைப் போட்டுப் பார்ப்பார்? அறை நிறையும் வயலின்களைத்தான்.

பெர்சி ஃபெய்த்தின் கதை என்னை எப்போதும் உலுக்கும். டொராண்டோவில் பிறந்தவர். பெரிய பியானோ கலைஞராக வருவார் என்று எல்லோரும் நம்பிய பையன். பதினெட்டு வயதில் தங்கையின் உடையில் தீப்பிடித்தது. வெறுங்கையால் தீயை அணைத்தார். தங்கை பிழைத்தாள், இவருடைய கைகள் வெந்துபோயின. மேடைக் கனவு அதோடு முடிந்தது. அப்புறம்தான் மற்றவர்கள் வாசிக்க எழுதிக் கொடுக்கும் வேலைக்குத் திரும்பினார். ஒரு திரைப்படத்துக்காக மாக்ஸ் ஸ்டைனர் அமைத்த மெட்டை அவர் தன் குழுவுக்கு எழுதி வாசித்தார். ‘தீம் ஃப்ரம் எ சம்மர் பிளேஸ்’ 1960இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்திலிருந்து திரும்பிய வருஷம் அது. ராக் அண்ட் ரோல் வந்ததும் இந்த இசை மடிந்தது என்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

போல் மோரியா இன்னொரு அதிசயம். 1967இல் ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நான்காவதாக வந்த பாட்டை எடுத்து, பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டை முன்னால் நிறுத்தி வாசித்தார். அடுத்த ஆண்டு ‘லவ் இஸ் ப்ளூ’ அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடம். அதே மோரியாவின் வேறொரு தட்டுதான் சோவியத் தொலைக்காட்சியில் விலங்குகள் பற்றிய நிகழ்ச்சிக்கு முகப்பு இசை. பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பக்கமும் ஒரே பிரெஞ்சுக்காரரின் வயலின்களைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஜெர்மன் குழுத்தலைவர் பெர்ட் கேம்ப்ஃபெர்ட்டும் நினைவுக்கு வருகிறார். 1961இல் ஹாம்பர்கில் பீட்டில்ஸ் பையன்களை, டோனி ஷெரிடனுக்குத் துணையாக வாசிக்கவைத்து முதன்முதலில் விற்பனைத் தட்டுக்குப் பதிவு செய்தவர் அவர்தான்.

எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். இன்னொரு குழுத்தலைவர் ஜேம்ஸ் லாஸ்ட்டின் நான்ஸ்டாப் டான்சிங் தட்டுகளில் வரும் விருந்துக் கூச்சல் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் இதையெல்லாம் லிஃப்ட் சங்கீதம் என்று ஒதுக்குவது அநியாயம். லிஃப்டிலும் அலுவலகங்களிலும் ஓட்ட மியூசாக் போன்ற கம்பெனிகள் தனியாகவே பதிவு செய்தன, கவனத்தை இழுக்கக் கூடாது என்ற திட்டத்தோடு. மாண்டோவானிக்கு மக்கள் டிக்கெட் வாங்கி, வாய் மூடி உட்கார்ந்தார்கள்.

பிறகு ஏன் போயிற்று? அமெரிக்காவில் அறுபதுகளின் நடுவில், பெரிய நகர எஃப்எம் நிலையங்கள் தங்கள் ஏஎம் வானொலி நிகழ்ச்சியையே பாதி நேரத்துக்கு மேல் திருப்பி ஒலிபரப்பக் கூடாது என்று விதி வந்தது. நேரத்தை நிரப்பப் பல நிலையங்கள் இந்த இசையை நாடின. வயலின்கள் இரவும் பகலும் ஓடின. எண்பதுகளில் கேட்பவர்களுக்கு வயதாயிற்று, விளம்பரக்காரர்கள் இளைஞர்களைத் தேடிப் போனார்கள், நிலையங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஃபெய்த் 1976இல் போனார். மாண்டோவானியும் கேம்ப்ஃபெர்ட்டும் 1980இல். நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்து மூன்று நிமிடம் பதிவு செய்வதற்குப் பதில், ஒரு சிந்தசைசரை வைத்து ஒருவரே முடித்துவிடலாம் என்ற காலமும் வந்துவிட்டது. அதில் வயலின் மாதிரி ஒலி வரும், சரி. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்திருக்கும்போதே, தன் முறை பார்த்து அடுத்த சுரத்தைத் தொடும் மனிதர் அதில் கிடையாது. அந்த மனிதருக்காகத்தான் நான் ஏங்குகிறேன்.

இனி பேச்சு போதும். நண்பர் தட்டோடு தயாராக இருக்கிறார். 1951ஆம் ஆண்டுப் பதிவு, ‘சார்மெய்ன்’. முதல் முறை மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை போடும்போது மெட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே அடங்குகிறது என்று பாருங்கள். போடலாமா?