எரிக் கார்ல் மாதிரி ஒட்டுப்படம் செய்வது எப்படி: தாள் தயாரிப்பிலிருந்து ஓட்டை போட்ட பக்கம் வரை

வணக்கம். இன்னைக்கு எரிக் கார்ல் எப்படி வேலை செஞ்சார்னு பார்க்கப் போறோம். 1969ல வந்த, பசி அடங்காத ஒரு கம்பளிப்பூச்சியைப் பத்தின ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ங்கிற குழந்தைகள் புத்தகத்துக்குக் கதையும் படமும் அவரோடதுதான். 1929ல அமெரிக்காவுல சிராகியூஸ்ல பிறந்து, ஆறு வயசுல ஜெர்மனிக்குப் போய், ஸ்டுட்கார்ட்ல கலை படிச்சிட்டு 1952ல நியூயார்க் திரும்பினார். ரொம்ப வருஷம் விளம்பர வேலை. அவர் செஞ்ச ஒரு விளம்பரத்துல இருந்த சிவப்பு லாப்ஸ்டரைப் பார்த்துட்டுத்தான் எழுத்தாளர் பில் மார்ட்டின் ஜூனியர் தன் புத்தகத்துக்குப் படம் போடக் கூப்பிட்டார். பெரிய உருவம், சுத்தி நிறைய வெள்ளை இடம்னு அவர் பக்கங்கள் இருக்கே, அது விளம்பரத்துல பழகின கை.

அவர் தூரிகையால கம்பளிப்பூச்சியை வரையல. முதல்ல தாள்களுக்கு வண்ணம் பூசி, காய வெச்சு, நிறம் நிறமா பிரிச்சு டிராயர்ல அடுக்கி வெச்சிருப்பார். படம்னு வரும்போது அதுல இருந்து எடுத்து வெட்டி ஒட்டுவார். நிறைய பேர் ஒரு பச்சைத் தாளைப் பூசி உடனே கம்பளிப்பூச்சியை வெட்டிடுறாங்க. அதனால எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும், உயிர் இருக்காது. பச்சையில மட்டுமே பத்து வகைத் தாள் வேணும்.

பரிசுப் பொருள் சுத்துற வெள்ளை டிஷ்யூ பேப்பர் வாங்குங்க. ஏற்கெனவே சாயம் ஏத்தினது வேண்டாம், வெளிச்சத்துல வெளுத்துடும். அடியில கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுக்கோங்க. அக்ரிலிக் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு. தண்ணி கூடினா டிஷ்யூ கிழியும். பெயிண்ட் கூடினா காய்ஞ்சதும் தாள் விறைச்சுப்போகும். தூரிகையை ஒரே திசையில இழுங்க, திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க. ஈரமா இருக்கும்போது தாளைத் தூக்கவே கூடாது. நல்லா காய்ஞ்சதும் அதுவா உரிஞ்சு வரும், அக்ரிலிக் படலம் ஏறினதால தாளும் உறுதியாயிருக்கும்.

அப்புறம் ரெண்டாவது பூச்சு. தாளுக்குக் குணம் வர்றது இதுலதான். கார்ல் விரலாலயும் பூசுவார், ஸ்பாஞ்ச், கார்ப்பெட் துண்டு, சாக்குத்துணியில பெயிண்ட் தடவி முத்திரை மாதிரியும் குத்துவார். மஞ்சள் மேல பச்சைக் கோடு, பச்சை மேல நீலப் புள்ளின்னு பண்ணிப் பாருங்க. அடுக்கி வைக்கும்போது நடுவுல பட்டர் பேப்பர் வைங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல அக்ரிலிக் பூசின தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிச்சா ரெண்டும் போச்சு.

வெட்டுறதுக்கு, உருவத்தோட ஒவ்வொரு பாகத்தையும் டிரேசிங் ஷீட்ல தனித்தனியா வரைஞ்சு, வண்ணத்தாள் மேல வெச்சு ரெண்டையும் சேர்த்தே கட்டர்ல வெட்டணும். பிளேடு மழுங்கினா டிஷ்யூ ஓரம் பிசிர் விடும், உடனே மாத்துங்க. ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல 3 மில்லிமீட்டர் கூடுதலா விடுங்க. இல்லாட்டி இடுக்குல வெள்ளை தெரியும்.

ஒட்டுறதுக்கு கார்ல் பயன்படுத்தினது வால்பேப்பர் பசை. அது மெதுவா காயும், துண்டை நகர்த்தி சரி பண்ண நேரம் கிடைக்கும். மரவேலைக்கான வெள்ளைப் பசை சீக்கிரம் பிடிச்சுக்கும், வழிஞ்ச இடம் பளபளன்னு தெரியும். மைதாப் பசைக்குப் பூச்சி வரும். கெட்டி அட்டையில மெல்லிசா தடவி, துண்டோட ஒரு ஓரத்தை முதல்ல வெச்சு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா நீவுங்க. ஈரம் இழுத்து அட்டை வளையும். அதனால பின்பக்கமும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பட்டர் பேப்பர் வெச்சு, ராத்திரி முழுக்க பாரம் ஏத்துங்க. கண், மீசை மாதிரி பொடி விஷயமெல்லாம் காய்ஞ்சப்புறம் கலர் பென்சில்ல.

இப்போ, கம்பளிப்பூச்சி தின்ன இடம்னு காட்ட அந்தப் புத்தகப் பக்கங்கள்ல போட்டிருக்கிற ஓட்டைகள். தாள்ல துளை போடுற பஞ்ச்சோட விளையாடும்போதுதான் கார்லுக்குப் புத்தகப் புழு யோசனை வந்தது. எடிட்டர் ஆன் பெனடூஸுக்குப் புழு பிடிக்கல, அதுக்குப் பதிலா கம்பளிப்பூச்சி வெச்சா என்னன்னு கேட்டாங்க. கார்ல் உடனே வண்ணத்துப்பூச்சின்னார். கதைக்கு முடிவே அங்கதான் கிடைச்சது. நல்ல எடிட்டர் என்ன செய்வார்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

கதையில கம்பளிப்பூச்சி திங்கள் ஒரு ஆப்பிள் தின்னும், இப்படியே கூடி வெள்ளி அஞ்சு ஆரஞ்சு. பக்கமும் நாளுக்கு நாள் அகலமாகும். அமெரிக்காவுல கட்டுப்படியாகுற விலையில இதைச் செய்ய அச்சகம் கிடைக்கல, ஜப்பான்ல அச்சடிச்சாங்க.

நீங்க இப்படிப் பக்கம் செஞ்சா ஒண்ணு கவனிங்க. முன்பக்கம் இடது ஓரத்துல இருந்து 4 சென்டிமீட்டர்ல ஓட்டைன்னா, பின்பக்கம் அது வலது ஓரத்துல இருந்து 4 சென்டிமீட்டர்ல வரும். அங்கயும் படத்துல அதுக்கு ஒரு வேலை இருக்கணும். அதனால படம் ஒட்டுறதுக்கு முன்னாடியே வெறும் தாள்ல மாதிரிப் புத்தகம் மடிச்சு, ஓட்டை போட்டு, ரெண்டு பக்கமும் பென்சில்ல குறிச்சுக்கோங்க. ஓட்டை ஓரத்துக்கும் பக்க ஓரத்துக்கும் நடுவுல குறைஞ்சது 1 சென்டிமீட்டர் விடுங்க. குழந்தைங்க விரலை விட்டு இழுப்பாங்க, அதுக்குக் குறைஞ்சா கிழிஞ்சிடும்.