ஆபிரகாம் காசு கொடுத்து வாங்கிய நிலம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வேதத்தில் சொல்லப்பட்ட தேச வாக்குத்தத்தம் இன்றும் எழுத்துக்கு எழுத்து யூத மக்களுக்கே நிற்கிறதா, கிறிஸ்துவுக்குள் நிறைவேறி உலகம் முழுவதற்கும் விரிந்துவிட்டதா என்பது தலைப்பு. விரிந்துவிட்டது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து, "கானான் தேசம் முழுவதையும் ஆபிரகாமின் சந்ததிக்கு நித்திய சுதந்தரமாகக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லிவிட்டார். நித்தியம் என்றால் நித்தியம்தான். அதை மாற்ற நீங்கள் யார்?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன்; குரல் அப்படி.

ஆனால் ஐயா எட்டாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டார். இன்னும் ஐந்து வசனம் தள்ளி வாசித்திருக்கலாம். பதின்மூன்றாம் வசனத்தில் அதே கர்த்தர் அதே ஆபிரகாமிடம் விருத்தசேதனத்தைப் பற்றிப் பேசுகிறார். அது மாம்சத்தில் நித்திய உடன்படிக்கையாக இருக்க வேண்டும் என்கிறார். அதுவும் நித்தியம்தான். அப்புறம் என்ன நடந்தது? அப்போஸ்தலர் நடபடிகள் 15-இல் எருசலேமில் கூடிய சபை, புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்று தீர்மானித்தது. ஆரோனின் குமாரருக்குக் கிடைத்ததையும் யாத்திராகமம் 40 நித்திய ஆசாரியத்துவம் என்றே சொல்கிறது. எபிரெயர் நிருபமோ அந்த ஆசாரியத்துவம் கிறிஸ்துவில் மாற்றப்பட்டுவிட்டது என்கிறது. இதையெல்லாம் எதிரணி நண்பர்களும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். நிலம் என்று வந்தால் மட்டும் அளவுகோலை மாற்றுவது ஏன்?

சரி, வாக்குத்தத்தத்தை நேரடியாகப் பெற்றவரே அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்ப்போமா? ஆதியாகமம் 23. சாராள் இறந்துவிட்டாள். அடக்கம் பண்ண ஆபிரகாமுக்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லை. தேசம் முழுவதும் உனக்கு என்று கர்த்தர் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த மனிதர் எழுந்துபோய், அந்த ஊர்க்காரரான ஏத்தின் புத்திரருக்கு முன்பாகக் குனிந்து வணங்கி, நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன், எனக்கு ஒரு கல்லறைப் பூமி தாருங்கள் என்று கேட்கிறார். "இது எனக்கு வந்த இடம், நீ காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை இல்லை.

நிலத்துக்காரர் எப்பெரோனும் லேசுப்பட்டவர் இல்லை. முதலில் சும்மாவே தருகிறேன் என்கிறார். ஆபிரகாம் விலை தந்துதான் வாங்குவேன் என்று நின்றதும், நானூறு சேக்கல் வெள்ளி பெறும், உமக்கும் எனக்கும் நடுவில் அது ஒரு தொகையா என்று நைசாக விலையைச் சொல்லிவிடுகிறார். ஆபிரகாம் பேரம் பேசவில்லை. ஊரார் கேட்க, வியாபாரிகள் வாங்கும் தரத்தில் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். வயல், அதிலிருக்கிற மக்பேலா குகை, வயலின் எல்லைக்குள் நின்ற மரங்கள், எல்லாம் பட்டண வாசலில் சாட்சிகள் முன்னால் அவருக்கு உறுதியாகின்றன. மரத்தைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறது வேதம்! வாக்குத்தத்தத்தைப் பட்டா மாதிரி நீட்டலாம் என்றால், முதலில் நீட்டியிருக்க வேண்டியவர் அவர்தான். கர்த்தர் அவருக்கு அங்கே ஒரு அடி நிலத்தையும் சுதந்தரமாகக் கொடுக்கவில்லை என்று ஆதிச் சபையின் இரத்தசாட்சி ஸ்தேவான் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் சொன்னார். கூடாரத்தில் குடியிருந்த அவர் தேவன் கட்டுகிற நகரத்துக்குக் காத்திருந்தார், பரம தேசத்தை விரும்பினார் என்கிறது எபிரெயர் 11.

"அப்படியானால் கர்த்தர் சொன்னது பொய்யா?" என்று எதிரணியில் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கிறார். பொய் இல்லை. யோசுவா 21-ஐப் பாருங்கள். கர்த்தர் இஸ்ரவேலருக்கு ஆணையிட்ட தேசத்தையெல்லாம் கொடுத்தார், சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறிப்போகவில்லை, எல்லாம் நிறைவேறிற்று என்று அந்த அதிகாரம் முடிகிறது. கொடுத்தபோதும் எப்படிக் கொடுத்தார்? தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளும் என்று லேவியராகமம் 25-இல் சொல்லித்தான் கொடுத்தார். அதே புத்தகத்தின் 18-ஆம் அதிகாரம், தீட்டுப்படுத்தினால் தேசம் உங்களையும் கக்கிப்போடும் என்று எச்சரிக்கிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். "உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு" என்ற கட்டளையோடு வரும் வாக்கு எது? உன் தேவனாகிய கர்த்தர் உனக்குக் கொடுக்கிற தேசத்திலே உன் நாட்கள் நீடித்திருக்கும் என்பது. பவுல் இதே கட்டளையை எபேசியர் 6-இல் பிள்ளைகளுக்கு எழுதுகிறார். வாக்குத்தத்தமுள்ள முதலாம் கற்பனை இது என்று அழுத்தியும் சொல்கிறார். ஆனால் "கர்த்தர் உனக்குக் கொடுக்கிற தேசம்" என்ற பகுதியை எழுதவில்லை. பூமியிலே உன் வாழ்நாள் நீடித்திருக்கும் என்று முடித்துவிடுகிறார். நியாயப்பிரமாண ஆசான் கமாலியேலின் பாதத்தருகே படித்தவருக்கு மறதியா? ஆசியா மைனரில் வளரும் பிள்ளை யோர்தானைத் தாண்டிப் போகாமலே அந்த வாக்குக்குப் பங்காளி ஆகிவிட்டது என்று தெரிந்துதான் எழுதினார். ஆபிரகாமும் அவன் சந்ததியும் உலகத்தையே சுதந்தரிப்பார்கள் என்று ரோமர் 4-இல் எழுதியதும் அதே கைதான். உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் சீஷர்கள், ராஜ்யத்தை இஸ்ரவேலுக்கு இப்போது திரும்பக் கொடுப்பீரா என்று கேட்டார்கள். காலத்தை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல, பூமியின் கடைசிபரியந்தமும் எனக்குச் சாட்சிகளாய் இருங்கள் என்று அவர்களை வெளியே அனுப்பினார் அவர்.

எதிரணியின் பலமான வசனம் ரோமர் 11:29. தேவனுடைய கிருபைவரங்களும் அவர் அழைத்த அழைப்பும் மாறாதவைகளே. ஆமென். யூத ஜனத்தைத் தேவன் தள்ளிவிடவில்லை என்பதில் எங்களுக்குச் சண்டையே இல்லை. ஆனால் ரோமர் 9 முதல் 11 வரை பவுல் தம் ஜனத்துக்காக மனம் வெடித்து எழுதுகிறாரே, அந்த மூன்று அதிகாரத்திலும் கானானின் எல்லைகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது உண்டா? அவர் கேட்பதெல்லாம் இரட்சிப்பு.

சபை ஆதியிலிருந்தே தேசத்தை எழுத்தின்படிதான் நம்பியது என்றும் ஐயா சொன்னார். பாதி உண்மை. இரண்டாம் நூற்றாண்டுச் சபைப் பிதாக்களான யுஸ்டினும் ஐரேனேயுவும் எருசலேமை மையமாகக் கொண்ட கிறிஸ்துவின் ஆயிரவருட ஆட்சியை எதிர்பார்த்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சபைச் சீர்திருத்தம் கேட்ட பியூரிட்டன்களில் சிலர் யூதர்கள் அங்கே திரும்புவார்கள் என்று எழுதினார்கள். ஆனால் இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு ஒரு திட்டம் என்று தேவனுடைய கணக்கை இரண்டாகப் பிரித்து, தேசத்தை முதல் திட்டத்தோடு முடிச்சுப்போட்ட முறையைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டின் போதகர் ஜான் நெல்சன் டார்பி. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம். பக்கத்தின் மேலே வசனம், கீழே ஸ்கோஃபீல்டின் குறிப்பு. கீழே வாசித்ததை மேலே வாசித்ததாக நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ!

1948-ஐத் தீர்க்கதரிசன நிறைவேற்றம் என்று காட்டினார்கள். இஸ்ரேல் நாடு உருவானதைப் பற்றி வரலாறும் சட்டமும் பேச நிறைய இருக்கிறது. யூத மக்கள் அங்கே பாதுகாப்பாக வாழ வேண்டும் என்பதை மறுக்க நான் வரவில்லை. ஒரு நவீன அரசின் எல்லைக்கோட்டுக்கு ஆதியாகமத்தை அத்தாட்சியாக வைக்கக் கிறிஸ்தவனுக்கு வேதம் அனுமதி கொடுத்ததா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பக்கத்தில் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். "இஸ்ரவேலின் இடத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம்" என்று மார்தட்டிய சபை நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களை இழிவுபடுத்தியது. 1099-இல் சிலுவைப்போர் வீரர்கள் எருசலேமில் முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்துப் போயர்களில் சிலர் தங்களை இஸ்ரவேலாகவும் அந்த மண்ணைக் கானானாகவும் பார்த்தார்கள். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், நடுவர் அவர்களே. அவர்கள் தேச வசனங்களை எழுத்தின்படியேதான் எடுத்தார்கள். பெயரை மட்டும் அடித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். அது எதிரணியின் வாசிப்புக்குத்தான் ஒன்றுவிட்ட தம்பி, எங்களுக்கு அல்ல.

இந்த விவாதத்தைத் தூரத்தில் உட்கார்ந்து பேசுவது சுலபம். 2006-இல் எருசலேமிலிருந்தே லத்தீன், சிரியன் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைத் தலைவர்கள் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். கிறிஸ்தவ சியோனிசம், அதாவது இன்றைய இஸ்ரேல் அரசுக்கு வேத வாக்கை ஆதாரமாக வைக்கும் கிறிஸ்தவப் போக்கு, தவறான போதனை என்றும், அன்பையும் நீதியையும் ஒப்புரவையும் குறித்த வேதச் செய்தியை அது கெடுக்கிறது என்றும் எழுதினார்கள். அந்த மண்ணிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, அந்த மண்ணிலேயே அடக்கம் பண்ணுகிறவர்கள் அவர்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரிக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எசேக்கியேலை எடுக்கப்போகிறீர்கள் என்று தெரியும். மேசையில் திறந்து வைத்திருக்கிறீர்கள். இஸ்ரவேல் உயிர்பெற்றுத் தன் தேசத்துக்குத் திரும்பும் என்று காட்டும் 37-ஆம் அதிகாரத்து உலர்ந்த எலும்புகளோடு நிறுத்தாமல் 47-இன் கடைசி இரண்டு வசனங்களையும் வாசியுங்கள். தேசத்தைப் பங்கிடும்போது, உங்கள் நடுவில் தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் சுதேசிகளைப்போலவே சுதந்தரம் கொடுங்கள் என்று கர்த்தர் கட்டளையிடுகிறாரே, அதையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லையா? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள், அம்மா. நன்றி, வணக்கம்.