சும்மா படுக்கிறதுதான் கஷ்டம்

வணக்கம்ங்க. யோகா பத்தி எட்டு நிமிஷம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. எட்டு நிமிஷத்துல முடிக்க எனக்கு வருமான்னு தெரியல, ஆனா பேங்க் கவுன்ட்டர்ல முப்பது வருஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பேசினவ நான், ட்ரை பண்றேன்.

என் யோகா எங்க ஆரம்பிச்சதுன்னா இமயமலையிலயும் இல்ல ஆசிரமத்துலயும் இல்ல, டோம்பிவிலி லோக்கல் ரயில்ல. மும்பைக்காரங்களுக்கு நாலாவது சீட்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல, ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். மூணு பேர் உக்கார்ற பெஞ்சுல "தோடா சரக்கோ", கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்லி நாலாவது ஆள் ஒரு பக்க இடுப்பை மட்டும் வெச்சு தொத்திக்கிட்டு வருவோமே, அதுதான். போக ஒரு மணி நேரத்துக்கு மேல, வர அதே. வருஷக் கணக்கா அப்படி உக்காந்து எனக்கு இடது பக்கம் இடுப்பு பிடிச்சுக்கிச்சு, காலைல பல்லு தேய்க்கக் குனிஞ்சா நிமிர சுவத்தைப் பிடிக்கணும். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பு நல்லாருக்கும்மா, உடம்பை நீட்டி மடக்குங்கன்னார். அப்படித்தான் கத்துக்கப் போனேன்.

கத்துக்கிட்டு கொஞ்ச நாள்ல தலைக்கனம் வந்துருச்சு, அதையும் சொல்லிடறேன். 2015, முதல் சர்வதேச யோகா தினம், ஜூன் 21. மும்பைல ஜூன் மாசம் எப்படி இருக்கும், மழை, டெர்ரஸ் பூரா தண்ணி, அதனால சொசைட்டி பார்க்கிங்ல ஜமுக்காளம் விரிச்சு எல்லாரும் உக்காந்தோம். நாலு பேர் போன்ல வீடியோ எடுக்கறாங்களேன்னு வார்ம் அப் எதுவும் இல்லாம ஹலாசனம், மல்லாந்து படுத்து காலைத் தலைக்குப் பின்னால தரையில வெக்கிறது, அதைப் போட்டுக் காட்டினேன். கழுத்துல ஒரு சுளீர். மூணு வாரம் காலர் மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன், கஸ்டமர் எல்லாம் ஆக்சிடென்டா மேடம்னு கேக்க, ஆமான்னு சொல்லி வெச்சேன். யோகாவுலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.

இப்ப ரிட்டயர் ஆகி சயான்ல இருக்கேன், பக்கத்துல ஒரு ஹால்ல நம்ம பொம்பளைங்களுக்கு வாரம் நாலு நாள் சொல்லிக் கொடுக்கறேன். நான் கவனிச்ச ஒரு விஷயம், குனிய வளைய எல்லாரும் கத்துக்கிறாங்க, அறுபது வயசுல கூட பத்து சூரிய நமஸ்காரம் போடறாங்க, ஆனா கடைசியில சவாசனம், அதாவது மல்லாந்து அசையாம படுக்கறது, அஞ்சு நிமிஷம்னு சொன்னா போதும், ஒருத்தி போனைத் தேடுவா, ஒருத்தி குக்கர் வெச்சுட்டு வந்தேன்னு எந்திரிப்பா, படுத்திருக்கிறவங்களுக்கும் கண்ணு மூடியிருக்கும், புருவம் மட்டும் சுருங்கியே இருக்கும். மும்பைல ரொம்பக் கஷ்டமான ஆசனம் சிரசாசனம் இல்லைங்க, சும்மா படுக்கிறதுதான்.

இது நானா சொல்ற பெருமை இல்ல. ஹடயோக பிரதீபிகைன்னு 15ஆம் நூற்றாண்டு நூல், அதுல மொத்தமே 15 ஆசனம்தான் விவரிச்சிருக்கு, அந்தப் பதினஞ்சுல சவாசனமும் ஒண்ணு. களைப்பைப் போக்கும், மனசுக்கு ஓய்வு தரும்னு ரெண்டே வார்த்தைல முடிச்சிருப்பாங்க. சூரிய நமஸ்காரம் அந்த லிஸ்ட்ல கிடையாது. அதை இப்ப நம்ம பண்ற மாதிரி ஊரெல்லாம் பரப்பினது இதே மகாராஷ்டிராவுல அவுந்த் சமஸ்தானத்து ராஜா, அதுவும் போன நூற்றாண்டுல.

மகாராஷ்டிரான்னு சொன்னதும் இன்னொண்ணு. குடும்பஸ்தனுக்கும் யோகான்னு இந்த ஊர்ல கதவைத் திறந்து விட்டவர் யோகேந்திரா, 1918ல வெர்சோவால ஆரம்பிச்சார், இன்னைக்கு சாந்தாகுருஸ்ல இருக்கற யோகா இன்ஸ்டிடியூட் அதுதான். 1924ல லோனாவ்லாவுல குவலயானந்தா கைவல்யதாமா தொடங்கினார். நமக்கு லோனாவ்லான்னா சிக்கி, கடலை மிட்டாய்தான், அவர் அங்க எக்ஸ்ரே வெச்சு, பிரஷர் அளந்து, ஆசனத்துல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார், நூறு வருஷம் முன்னாடி.

சரி, மூச்சுக்கு வர்றேன். இப்பவே மணிக்கட்டுல விரல் வெச்சு நாடி பாருங்க, வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க வேண்டாம். மெதுவா மூச்சை இழுங்க, துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடுங்க, கொஞ்சம் தளரும். சின்ன வயசுக்காரங்களுக்கு நல்லாத் தெரியும், வயசாக ஆக இந்த வித்தியாசம் குறையும். மூளையில இருந்து கழுத்து வழியா இதயம், வயிறு வரைக்கும் வேகஸ்னு ஒரு நரம்பு போகுது, இதயத்துக்கு பிரேக் மாதிரி, மூச்சை வெளிய விடறப்ப அந்த பிரேக் விழும். அதனால பதட்டமா இருக்கறவங்ககிட்ட நல்லா இழுத்து மூச்சு விடுங்கன்னு எல்லாரும் இழுக்கறதையே சொல்றாங்களே, நான் விடறதைத்தான் சொல்வேன். இழுக்க நாலு எண்ணுங்க, விட ஆறு எண்ணுங்க. பத்து செகண்டுக்கு ஒரு மூச்சு, நிமிஷத்துக்கு ஆறு. சாதாரணமா நமக்கு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 வரைக்கும் ஓடும்.

திருமூலர் கணக்கு தெரியுமா, திருமந்திரத்துல பிராணாயாமப் பகுதியில மூச்சை இழுக்கற பூரகம் 16, உள்ள நிறுத்தற கும்பகம் 64, வெளிய விடற ரேசகம் 32ன்னு வரும். அந்த 64 எண்ணிக்கை உள்ள நிறுத்தறதை தயவுசெஞ்சு வீட்ல தனியா ட்ரை பண்ணாதீங்க, பிபி இருக்கறவங்க, இதய நோய் இருக்கறவங்க மூச்சை அடக்கவே வேண்டாம். ஆனா இழுக்கறதுக்கு ரெண்டு மடங்கு விடச் சொல்லியிருக்கார் பாருங்க, 16க்கு 32. நமக்கு அவ்வளவு வேண்டாம், நாலுக்கு ஆறை கல்யாண் லோக்கல்ல நின்னுக்கிட்டே பண்ணலாம், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

கபாலபாதி, வயித்தை உள்ள இழுத்து மூச்சை வேகவேகமா வெளிய தள்றது, அதைக் கேப்பாங்க எல்லாரும், வயிறு குறையுமான்னு. கர்ப்பிணி, ஹெர்னியா, பிபி, சமீபத்துல வயித்துல ஆபரேஷன், இவங்க யாரும் வேண்டாம். கண்ணுல க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் இருந்தா தலைகீழா நிக்கிற எதுவும் கூடாது. அப்புறம் மனசு ரொம்ப உடைஞ்சு போய் ராத்திரி பகல் தூக்கமில்லாம இருக்கறவங்க டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டு என் கிளாஸுக்கு வராதீங்க, மாத்திரையும் சாப்பிடுங்க கிளாஸுக்கும் வாங்க. சில பேருக்குக் கண்ணை மூடிப் படுத்தாலே நெஞ்சு படபடன்னு வரும், அவங்களைக் கண்ணைத் திறந்து சுவத்துல சாஞ்சு உக்காரச் சொல்வேன், அதுவும் போதும்.

தாராவியில இருந்து ஒரு இட்லி அக்கா வர்றாங்க. திருநெல்வேலிப் பக்கம். மூணு மணிக்கு அடுப்பு பத்தவெச்சு நூத்துக்கணக்குல இட்லி அவிப்பாங்க, வீட்டுக்காரர் சைக்கிள்ல ஏத்தி ஹாரன் அடிச்சுக்கிட்டே போவார். முதல் நாள் என்கிட்ட, "டீச்சர், நான் விடிய விடிய குனிஞ்சு நிமிருதேன், எனக்கு எதுக்கு யோகா?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுங்கக்கான்னேன், காட்டினாங்க. தூக்கறப்ப மூச்சை அடக்கி தோளை காது வரைக்கும் ஏத்தினாங்க, இறக்கி வெச்சதுக்கு அப்புறமும் தோள் அங்கேயே நின்னுச்சு. உங்க தோள் எப்பக்கா கீழ வரும்னு கேட்டேன், சிரிச்சுட்டாங்க.

அவங்களுக்கு நான் கொடுத்தது ரெண்டே ரெண்டு. போர்வையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில வெச்சு அஞ்சு நிமிஷம் சவாசனம், இடுப்பு வலிக்காரங்க நிறைய பேருக்கு இப்படிப் படுத்தா சுகமா இருக்கும். இன்னொண்ணு இட்லி வேலை முடிஞ்சதும் தரையில படுத்து ரெண்டு காலையும் சுவத்துல மேல சாத்தி வெக்கிறது, நாள் பூரா நின்னு வீங்கின காலுக்கு அவ்வளவு சுகம். "சும்மா கெடக்கச் சொல்லுதீங்களே, பாக்குறவ என்ன நெனைப்பா"ன்னாங்க.

பத்துக்குப் பத்து ரூம்ங்க. ஒரு சுவத்துல இட்லித் தட்டு அடுக்கு, ஒரு சுவத்துல சாமி படம், ஒரு சுவத்துல டிவி, மிச்சம் இருக்கற சுவத்துல வீட்டுக்காரர் சட்டை ஆணியில தொங்கும். காலை எங்க வெக்கிறதுன்னே பத்து நாள் தள்ளிப் போட்டாங்க. போன வாரம் வந்தாங்க, எப்படியிருக்கு அக்கான்னேன். "தோள் வலி கொஞ்சம் இருக்கு டீச்சர், ஆனா அவரு சட்டையை கதவுக்குப் பின்னால மாத்திட்டாரு"ன்னாங்க.