மகாராஷ்டிர சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒயின் ஏன் வரலை?

[திரையில்: தேதி மட்டும். 27 ஜனவரி 2022]

அன்னிக்கு மும்பையில மகாராஷ்டிர அமைச்சரவை கூடி ஒரு முடிவு எடுத்துச்சு. சூப்பர் மார்க்கெட்லயும் பெரிய கடைகள்லயும் ஒரு அலமாரி போட்டு ஒயின் விக்கலாம். சாயந்தரத்துக்குள்ள நாடு முழுக்க இதுதான் செய்தி. பருப்பு வாங்கப் போற இடத்துல பாட்டிலான்னு ஒரு பக்கம் கோபம், மறுபக்கம் கேலி. அங்க அது இன்னிக்கும் அப்படித்தான் நடந்துட்டிருக்குன்னு நினைக்கிறவங்க நிறைய பேர்.

நடக்கலை. அந்தத் திட்டம் அமலுக்கே வரலை.

ஏன் வரலைங்கறதுதான் இந்த வீடியோ. குடிக்கலாமா கூடாதாங்கற விவாதத்துக்கு நான் போகலை. ஒரு ஒயின் ஆலை, ஒரு ஒயின் பார், ஒரு கடை, இதுல யாருக்கு என்ன லைசென்ஸ், அதை யார் மாத்துறாங்க, எப்படி மாத்துறாங்க, அது மட்டும்தான்.

[திரையில்: அரசியல் சாசனம், ஏழாவது அட்டவணை]

முதல்ல அடிப்படை. மதுவைத் தயாரிக்கிறது, வச்சிருக்கிறது, கொண்டு போறது, விக்கிறது எல்லாமே மாநிலப் பட்டியல்ல, அதாவது மாநிலங்கள் சட்டம் போடுற விஷயங்களோட பட்டியல்ல, 8-வது இனம். அதுக்கு வரி போடுற அதிகாரம் 51-வது இனம். ஜி.எஸ்.டி. வந்தப்பவும் குடிக்கிற மதுவை அதுக்கு வெளியில வச்சுட்டாங்க. அதனால நாசிக்ல தயாராகுற அதே பாட்டிலுக்கு மும்பையில ஒரு சட்டம், பெங்களூருல ஒரு சட்டம், சென்னையில இன்னொண்ணு. போதாக்குறைக்கு சாசனத்தோட 47-வது பிரிவு, மதுவிலக்கைக் கொண்டு வர அரசு முயற்சி செய்யணும்னு சொல்லுது. மது வியாபாரம் பண்றது அடிப்படை உரிமை கிடையாதுன்னு 1994-ல கோடே டிஸ்டில்லரீஸ் வழக்குல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. அதாவது, லைசென்ஸ்ங்கறது அரசு பார்த்துக் கொடுக்குற சலுகை. கொடுத்ததைத் திருப்பி வாங்கவும் முடியும்.

இப்ப மகாராஷ்டிராவுக்குப் போவோம். அங்க மது வியாபாரத்தை நடத்துற சட்டத்தோட பேரே மதுவிலக்குச் சட்டம். 1949-ல பம்பாய் மதுவிலக்குச் சட்டமா வந்தது. மதுவிலக்குதான் விதி, லைசென்ஸும் பெர்மிட்டும் அதுக்கு விலக்கு, அப்படித்தான் அதைக் கட்டியிருக்காங்க. குடிக்கிறவருக்கே பெர்மிட் வேணும். ஒரு நாளைக்கு வாங்கலாம், வருஷத்துக்கு வாங்கலாம், ஆயுளுக்கும் வாங்கலாம். உடல்நலத்தைப் பேணுறதுக்காகன்னு காரணம் சொல்ற விண்ணப்பம் அது. படிச்சா சிரிப்பு வரும், ஆனா சட்டம் சட்டம்தான். விஸ்கி, ரம் வகையறாவுக்கு 25 வயசு ஆகியிருக்கணும். பீருக்கும் ஒயினுக்கும் 21 போதும். ஒயினைக் கொஞ்சம் தள்ளி, தனியா வச்சுப் பார்க்குற பழக்கம் இங்கயே ஆரம்பிக்குது.

லைசென்ஸ்லயும் அப்படித்தான். சீல் வச்ச பாட்டிலை விக்கிற கடைக்கு எஃப்.எல்.-2. உட்கார்ந்து குடிக்கிற இடத்துக்கு எஃப்.எல்.-3. அதைத்தான் அங்க பெர்மிட் ரூம்னு சொல்லுவாங்க, போர்டுலயே எழுதியிருக்கும். ஒயின் மட்டும் ஊத்திக் கொடுக்குற பாருக்கு இ-2ன்னு வேற லைசென்ஸ். பிராந்தி, விஸ்கி எதுவும் அதுல கிடையாது.

[திரையில்: நாசிக் திராட்சைத் தோட்டம், கங்காபூர் அணை]

2001-ல மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. பேரைக் கவனிங்க. மதுக் கொள்கை இல்ல, திராட்சைக் கொள்கை. நாசிக், சாங்லி பக்கம் திராட்சை ஏராளம். ஆனா பெரும்பாலும் சாப்பிடுற திராட்சை, தாம்சன் விதையில்லா ரகம் மாதிரி. மழை தப்பினாலோ ஏற்றுமதி விலை விழுந்தாலோ விவசாயி கதை முடிஞ்சுது. அதுக்கு ஒரு மாற்று வழியா ஒயின் ஆலைகளை வளர்க்கலாம்னு திட்டம். கலால் வரியிலேர்ந்து முழு விலக்கு, முதல்ல 10 வருஷத்துக்கு. அப்புறம் அதை நீட்டிச்சு 2021 கடைசி வரைக்கும் கொண்டு போனாங்க. நாசிக் பக்கத்துல விஞ்சூர்லயும், சாங்லி மாவட்டத்துல பலூஸ்லயும் ஒயின் பூங்கா அமைச்சாங்க.

வரி விலக்கைத்தான் எல்லாரும் பெருசா பேசுவாங்க. என் பார்வையில அதைவிடப் பெரிய மாற்றம், ஆலை வாசல்லயே ருசி பார்க்க வச்சு, அங்கயே விக்கலாம்னு கிடைச்ச அனுமதி.

யோசிச்சுப் பாருங்க. சாதாரணமா மது ஆலையிலேர்ந்து மொத்த வியாபாரிக்குப் போகணும், அங்கேர்ந்து கடைக்கு. ஒவ்வொரு கைக்கும் ஒரு பங்கு. ஆலையே வித்தா அந்தப் பங்கு ஆலைக்கே மிச்சம். அதை விட முக்கியம், ஒயினே குடிச்சுப் பார்க்காத ஒருத்தர் கடையில போய் செனின் பிளாங்க்னு ஒரு வெள்ளை ஒயின் கொடுங்கன்னு கேட்கப் போறதில்லை. வந்து பார்த்து, ஒரு மடக்கு சுவைச்சு, யாராவது விளக்கினாத்தான் வாங்குவார். சிலிக்கான் வேலி வேலையை விட்டுட்டு வந்து 1990-கள்ல நாசிக்ல கொடி நட்ட ராஜீவ் சாமந்த், தன் சூலா ஆலையில 2005-ல டேஸ்டிங் ரூம் திறந்தார். மும்பையிலேர்ந்து வார இறுதிக்கு கார் காரா வந்தாங்க. தங்குறதுக்கு அறை, சாப்பாடு, கச்சேரின்னு வளர்ந்துச்சு. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் அறுவடை, அதையே ஒரு சுற்றுலா சீசனா மாத்திட்டாங்க. இது எதுவும் ஆலைக்குள்ள விக்கிற அனுமதி இல்லாம நடந்திருக்காது.

ஆனா எல்லா ஆலையும் சூலா இல்ல. கொள்கை வந்ததும் ஆளாளுக்கு ஆலை கட்டினாங்க, விவசாயிகளும் ஒயின் ரகங்களை நட்டாங்க. 2008-ல உலகப் பொருளாதாரச் சரிவு, அதே வருஷம் நவம்பர்ல மும்பைத் தாக்குதல். ஹோட்டல்கள் காலி. தொட்டி தொட்டியா ஒயின் தேங்கிப் போச்சு. சில ஆலைகள் மூடிட்டாங்க, சில விவசாயிகள் நட்ட கொடியைப் பிடுங்கிட்டு மறுபடியும் சாப்பிடுற திராட்சைக்கே போயிட்டாங்க. தயாரிக்க லைசென்ஸ் கொடுக்குறது சுலபம். விக்கிறதுக்கு இடம்?

அங்கதான் சின்ன ஆலைக்காரர் மாட்டிக்கிறார். ஊருக்குள்ள அவர் போய் நிக்க வேண்டியது எஃப்.எல்.-2 கடை வாசல்ல. அந்தக் கடைக்காரர் அலமாரியில எதுக்கு இடம் கொடுப்பார்? தினம் ஓடுற விஸ்கிக்கும் பீருக்கும். வெயில்ல வச்சா கெட்டுப் போற, மாசத்துக்கு நாலு பாட்டில் போற ஒயினுக்கு மூலையில ஓர் இடம் கிடைச்சா பெருசு.

[திரையில்: 2.25 கன மீட்டர் அளவுள்ள ஒரு அலமாரியின் வரைபடம்]

2022 முடிவு இதுக்குத்தான் வழி தேடுச்சு. கடைக்குள் கடைன்னு வச்சுக்கலாம். குறைஞ்சது 100 சதுர மீட்டர் உள்ள சூப்பர் மார்க்கெட்டா இருக்கணும். உள்ள 2.25 கன மீட்டர்ல பூட்டுற வசதியோட ஒரு அலமாரி. வருஷத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம். வழிபாட்டு இடம், பள்ளி, கல்லூரி பக்கத்துல கிடையாது. மதுவிலக்கு இருக்குற வர்தா, கட்சிரோலி மாவட்டங்கள்லயும் கிடையாது. எல்லா மளிகைக் கடையிலயும் விக்கலாம்னு பரவின பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகுது. 100 சதுர மீட்டர்னா ஆயிரம் சதுர அடிக்கு மேல. தெருமுனை அண்ணாச்சி கடை அதுல வராது.

விவசாயிகளுக்கு உதவத்தான் இதுன்னு அரசு சொல்லுச்சு. இங்க கொஞ்சம் நிறுத்திக்கணும். மகாராஷ்டிராவுல விளையுற திராட்சையில ஒயினுக்குப் போறது மிகச் சின்ன பங்கு. ஒயின் ரகம் போட்டு, ஆலையோட ஒப்பந்தம் வச்சிருக்குற விவசாயிக்கு லாபம் உண்டு. திராட்சை விவசாயிகள் எல்லாருக்குமே விடிவு வந்துரும்னு பேசினது மிகை.

எதிர்ப்பும் சும்மா இல்லை. அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த தேவேந்திர ஃபட்னவிஸ், மகாராஷ்டிராவை மத்யராஷ்டிரா, அதாவது மது ராஷ்டிரா ஆக்குறாங்கன்னார். பிப்ரவரி 14-லேர்ந்து உண்ணாவிரதம்னு சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே அறிவிச்சார். அதே ஜனவரியில பக்கத்து மத்தியப் பிரதேசத்துல, ஃபட்னவிஸோட பா.ஜ.க. ஆட்சியில, மது விலையைக் குறைச்சு, வருஷம் 1 கோடிக்கு மேல வருமானம் உள்ளவங்க வீட்டுல பார் வச்சுக்க லைசென்ஸ் கொடுத்துட்டிருந்தாங்க. மகாராஷ்டிர ஆளுங்கட்சிக்காரங்க விடுவாங்களா, அதை எடுத்து நீட்டினாங்க.

உண்ணாவிரதம் தொடங்கலை. மக்கள்கிட்ட கருத்து கேட்டுத்தான் செய்வோம்னு அரசு வாக்கு கொடுத்ததும் ஹசாரே நிறுத்தி வச்சார். இந்த இடம்தான் செய்தி படிக்கிறவங்க தவற விடுற இடம். அமைச்சரவை முடிவு எடுத்தா சட்டம் மாறிடாது. வரைவு விதியை வெளியிடணும், ஆட்சேபம் கேட்கணும், அதுக்கப்புறம் இறுதி விதி அரசிதழ்ல வரணும். கருத்து கேட்குற கட்டத்துலயே திட்டம் நின்னுச்சு. ஜூன் கடைசியில ஆட்சியும் கவிழ்ந்துச்சு. ரத்து பண்ணுறோம்னு யாரும் பெருசா மேடை போடலை. கோப்பு நகரலை, அவ்வளவுதான்.

[திரையில்: கர்நாடகம், பிறகு தேனி மாவட்டம்]

கர்நாடகம் வேற வழி பிடிச்சது. 2007-ல ஒயின் கொள்கை, கூடவே அதுக்குன்னு ஒரு வாரியம். ஒயின் மட்டும் விக்கிற பொட்டீக், ஒயின் மட்டும் ஊத்திக் கொடுக்குற டாவர்ன், இதுக்கு தனித்தனி லைசென்ஸ். விஸ்கியோட போட்டி போடாத ஒரு கடையை உருவாக்கிட்டா அலமாரிப் பிரச்சினை பாதி தீருது.

நம்ம ஊர்ல? கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க காய்க்குது. மஸ்கட் ஹாம்பர்க்ங்கற ரகம், 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. பழமா விக்கிறதுதான் முக்கிய வியாபாரம். அதை ஒயினாக்கி விக்க நினைச்சா எந்தக் கடைக்காரர் இடம் கொடுப்பார்ங்கற கேள்வி இங்க எழாது. மொத்த விற்பனை 1983-லேர்ந்து டாஸ்மாக் கையில, சில்லறை விற்பனை 2003-லேர்ந்து அதே டாஸ்மாக் கையில. ஸ்டார் ஹோட்டலுக்கும் கிளப்புக்கும் பார் லைசென்ஸ் உண்டு, ஆனா சரக்கு போற வாசல் ஒண்ணுதான். மகாராஷ்டிராவோட வழி அப்படியே இங்க பொருந்தாது.

மறுபடியும் மும்பை. அலமாரித் திட்டம் நின்னு போனாலும் ஒயினுக்கு அரசு உதவி நிக்கலை, பாதை மாறிச்சு. ஒயின் மேல 20 சதவீதம் வாட், அதாவது விற்பனைக்குப் போடுற மதிப்புக் கூட்டு வரி. அதுல 16 சதவீதத்தை ஆலைக்கே திருப்பிக் கொடுக்குற பழைய திட்டம் ஒண்ணு பாதியில நின்னிருந்துச்சு. அதை 2024-ல மறுபடி உயிர்ப்பிச்சாங்க. 2025 ஜூன்ல விஸ்கி, ரம் வகையறாவோட கலால் வரியை உற்பத்திச் செலவுல 3 மடங்கிலேர்ந்து 4.5 மடங்கா ஏத்தினாங்க. பீரையும் ஒயினையும் தொடலை. பெர்மிட் ரூம்ல ஊத்திக் கொடுக்குற மதுவுக்கு வாட் 2023-லயே 5-லேர்ந்து 10 சதவீதம் ஆகியிருந்துச்சு, லைசென்ஸ் கட்டணமும் ஏறியிருந்துச்சு. ஜூலை 14-ம் தேதி ஹோட்டல், பார் முதலாளிகள் கடையடைப்பு நடத்தினாங்க. விலை வித்தியாசத்துல ஒயினுக்குக் கிடைச்ச அந்த அனுகூலத்தைப் பத்தி அன்னிக்கு அதிகம் பேச்சு அடிபடலை. 2022-ல ஒரு அலமாரிக்காக நடந்த சத்தத்தைப் பார்த்தவங்களுக்கு, இந்த வழி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டுச்சுன்னு புரியும்.