ஒரு டன் சுண்ணாம்புக்கு எவ்வளவு கல்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். காளவாயிலிருந்து ஒரு டன் சுட்ட சுண்ணாம்பு எடுக்க வேண்டுமானால் எவ்வளவு சுண்ணாம்புக்கல் இட வேண்டும் என்னும் ஒரே கேள்வியை முன்வைத்து, வேதிவினைக்கூறு விகிதக் கணக்கை, அதாவது ஒரு வினையில் எந்தப் பொருள் எவ்வளவு இட்டால் எது எவ்வளவு கிடைக்கும் என்னும் கணக்கைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கல்லைச் சுடும்போது அதிலுள்ள கால்சியம் கார்பனேட், கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. மோல் என்பது டஜனைப் போலத் துகள்களை எண்ணும் ஓர் அலகு. ஒரு மோல் கார்பனேட்டிலிருந்து ஒரு மோல் ஆக்சைடு கிடைக்கும் என்று வேதிச் சமன்பாடு எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. எடைக்கு நாம் மோலார் நிறையிடம், அதாவது ஒரு மோலின் எடையிடம், போக வேண்டும். கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, ஆகக் கார்பனேட்டுக்கு 100 கிராம். ஆக்சைடுக்கு 40உம் 16உம் சேர்ந்து 56 கிராம். 56 கிலோ சுண்ணாம்புக்கு 100 கிலோ கல் என்றால் 1000 கிலோ சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 1786 கிலோ கல் வேண்டும். மிச்சமுள்ள 786 கிலோவும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகக் காளவாயை விட்டுப் போய்விடுகிறது.

மோல் என்ற சொல்லே பிறவாத காலத்தில், ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1756இல் வெளியான தம் கட்டுரையில், 120 கிரெயின் (பழைய சிற்றெடை அலகு) சுண்ணக்கட்டியைச் சுட்டு 68 கிரெயின் சுண்ணாம்பு பெற்றதைப் பதிவு செய்தார். நம் கணக்குப்படி 67.2 வர வேண்டும். அணு எடைகள் எவையும் தெரியாமல், வெறும் தராசைக் கொண்டு ஒருவர் இவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சுண்ணாம்பு வினையில் கெழுக்கள் (சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வரும் எண்கள்) எல்லாம் 1 ஆகவே இருப்பதால் மாணவர்களுக்கு வழக்கமாக நேரும் பிழை ஒன்று இங்கே வெளியே தெரிவதில்லை. தண்டவாளங்களைப் பற்றவைக்கப் பயன்படும் தெர்மிட் வினையைப் பாருங்கள்: ஒரு மோல் ஃபெர்ரிக் ஆக்சைடுக்கு (இரும்பின் ஆக்சைடு) இரண்டு மோல் அலுமினியம் வேண்டும். 'இரண்டு' என்ற கெழுவைக் கண்டதும் அலுமினியத்தை எடையிலும் இருமடங்காகப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் 160 கிராம் ஆக்சைடுக்கு 54 கிராம் அலுமினியமே போதும். அதாவது மூன்றில் ஒரு பங்கு.

இனிக் காளவாய்க்குத் திரும்புவோம். வண்டியில் வந்து இறங்கும் கல் முழுத் தூய்மையாக இருப்பதில்லை. அதில் 90 விழுக்காடு மட்டுமே கார்பனேட் என்றால், 1786ஐ 0.9ஆல் வகுத்து 1984 கிலோ இட வேண்டும். வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டால் 1607 கிலோதான் உள்ளே போகும்; அத்தனையும் குறையின்றி வெந்தாலும் கிடைக்கும் கால்சியம் ஆக்சைடு ஏறத்தாழ 810 கிலோதான்.